அலகிடும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மின்னழுத்தம் அளக்கும் எலக்ட்ரான் நிறமாலைமானிகள்

அலகிடும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு பொருளின் மேற்பரப்பிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களை அவற்றின் ஆற்றலுக்கு ஏற்ப வடிகட்டியோ பிரித்தோ எண்ணும் கருவி எலக்ட்ரான் நிறமாலைமானி எனப்படும். தொகுசுற்று ஒன்றின் உள்ளே, மைக்ரோமீட்டர் அளவே அகலமுள்ள ஓர் உலோகத் தடத்தில் இந்த நொடியில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்பதை, அந்தத் தடத்தைத் தொடாமலே இக்கருவியால் அளக்க முடியும். கண்ணாடிப் பட்டகம் ஒளியை நிறங்களாகப் பிரிப்பது போல இது எலக்ட்ரான்களை ஆற்றல்வாரியாகப் பிரிக்கிறது. அதனால்தான் இதற்கு நிறமாலைமானி என்ற பெயர் வந்தது.

இக்கட்டுரை அத்தகைய நிறமாலைமானி எவ்வாறு இயங்குகிறது, அதை வடிவமைப்போர் எந்தெந்த நெருக்கடிகளுக்கு இடையே முடிவெடுக்க வேண்டியுள்ளது, அளவீட்டின் நம்பகத்தன்மை எதைச் சார்ந்துள்ளது ஆகியவற்றை விளக்குகிறது.

தொடாமல் அளக்க வேண்டிய தேவை

வீட்டு மின்சுற்றில் மின்னழுத்தத்தை அளக்க வோல்ட்மீட்டரின் இரு முனைகளை வைத்தால் போதும். சில்லின் உள்ளே அது எளிதன்று. மிக மெல்லிய உலோக ஊசியை நுண்ணோக்கியின் துணையுடன் தடத்தின் மீது வைக்கலாம். ஆனால் ஊசி தடத்தைக் கீறிவிடலாம். அதைவிடப் பெரிய சிக்கல், ஊசிக்கும் அதன் கம்பிக்கும் உள்ள மின்தேக்குத்திறன். சில்லின் உள்ளே இருக்கும் ஒரு முனையின் மின்தேக்குத்திறன் மிகச் சிறியது. ஊசி அங்கு பட்டவுடன் முனைக்குக் கூடுதல் சுமை ஏறுகிறது, சமிக்ஞை தாமதமாகிறது, சில வேளைகளில் சுற்றே வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது. அளக்கும் செயலே அளக்கப்படுவதை மாற்றிவிட்டால் அந்த அளவீட்டால் பயனில்லை.

எலக்ட்ரான் கற்றைக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை. அதை ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழாகக் குவிக்கலாம், மின்புலத்தால் நொடிப்பொழுதில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்தலாம். அது தடத்தின் மீது ஏற்றும் மின்தேக்குச் சுமையும் புறக்கணிக்கத்தக்கது. எனவே எலக்ட்ரான் கற்றையை ஒரு கண்ணுக்குத் தெரியாத ஊசியாகப் பயன்படுத்தும் முறை உருவானது. இது எலக்ட்ரான் கற்றைச் சோதனை என்று அழைக்கப்படுகிறது.

வரலாறு

மேற்பரப்பின் மின்னழுத்தம் நுண்ணோக்கிப் படத்தில் தெரியும் என்பதை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஓட்லியும் தாமஸ் எவர்ஹார்ட்டும் 1957-இல் காட்டினர். அவர்கள் குறைக்கடத்தியின் பி-என் சந்தியை ஆராய்ந்தபோது, சந்தியின் இரு பக்கங்களும் வெவ்வேறு பொலிவுடன் தெரிந்தன. நேர் மின்னழுத்தம் உள்ள பகுதி இருண்டும், எதிர் மின்னழுத்தம் உள்ள பகுதி வெளிச்சமாகவும் தெரியும். இந்நிகழ்வு மின்னழுத்த வேறுபாட்டுக் காட்சி எனப்படுகிறது.

1960-இல் எவர்ஹார்ட்டும் ரிச்சர்ட் தார்ன்லியும் வடிவமைத்த உணர்கருவி, இரண்டாம்நிலை எலக்ட்ரான்களை மிகக் குறைந்த இரைச்சலுடன் சேகரிக்க வழி செய்தது. கேம்பிரிட்ஜ் இன்ஸ்ட்ருமெண்ட் நிறுவனம் 1965-இல் ஸ்டீரியோஸ்கேன் என்ற பெயரில் நுண்ணோக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1968-இல் இரு முக்கியமான ஆய்வுகள் வெளிவந்தன. வெல்ஸ், பிரெமர் ஆகியோர் ஆற்றல் பகுப்பாய்வியைப் பயன்படுத்தி மின்னழுத்தத்தை எண்ணாகவே அளக்கும் முறையை விவரித்தனர். ப்ளௌஸ், நிக்சன் ஆகியோர் கற்றையைத் துடிப்புகளாக வெட்டி, வேகமாக மாறும் மின்னழுத்தத்தை உறையவைத்துக் காணும் முறையை விவரித்தனர். 1970-களின் இறுதியில் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தில் ஃபாயர்பாம், வலுவான இழுப்புப் புலமும் தடுப்பு வலையும் கொண்ட நிறமாலைமானியை உருவாக்கினார். பிற்காலத்து வடிவமைப்புகள் பலவற்றுக்கு இது முன்மாதிரியாக அமைந்தது. 1980-களின் பிற்பகுதியில் ஷ்லும்பெர்கர் நிறுவனத்தின் ஐடிஎஸ் 5000 போன்ற முழுமையான சோதனைக் கருவிகள் சந்தைக்கு வந்தன.

இரண்டாம்நிலை எலக்ட்ரான்கள் சுமந்து வரும் செய்தி

நுண்ணோக்கியின் முதன்மைக் கற்றை மேற்பரப்பைத் தாக்கும்போது இருவகை எலக்ட்ரான்கள் வெளிவருகின்றன. முதன்மைக் கற்றையின் ஆற்றலில் பெரும்பகுதியுடன் திரும்பி வருபவை பின்சிதறல் எலக்ட்ரான்கள். பொருளின் உள்ளே இருந்து கிளப்பப்பட்டு, மிகக் குறைந்த ஆற்றலுடன் வெளிவருபவை இரண்டாம்நிலை எலக்ட்ரான்கள். வழக்கமாக 50 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைவான ஆற்றல் உள்ளவை இரண்டாம்நிலை எலக்ட்ரான்களாகக் கொள்ளப்படுகின்றன.

மின்னழுத்தச் செய்தியைப் பயன்படத்தக்க அளவில் சுமப்பவை இரண்டாம்நிலை எலக்ட்ரான்களே. இவற்றின் ஆற்றல் பரவலுக்குச் சுங், எவர்ஹார்ட் ஆகியோர் 1974-இல் ஓர் எளிய கோவையைத் தந்தனர். எலக்ட்ரானின் ஆற்றலை, அந்த ஆற்றலும் உலோகத்தின் வெளியேற்று ஆற்றலும் சேர்ந்த கூட்டுத்தொகையின் நான்காம் படியால் வகுத்தால், அந்த ஆற்றலில் எத்தனை எலக்ட்ரான்கள் வரும் என்பதற்கான விகிதம் கிடைக்கும். இக்கோவையிலிருந்து இரண்டு பயனுள்ள முடிவுகளைப் பெறலாம். பரவலின் உச்சி வெளியேற்று ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கில் அமைகிறது. வெளிவரும் எலக்ட்ரான்களில் சரிபாதி, வெளியேற்று ஆற்றலைவிட அதிக ஆற்றலுடன் வருகின்றன. வெளியேற்று ஆற்றல் 4.5 எலக்ட்ரான் வோல்ட் என்று கொண்டால், உச்சி 1.5 எலக்ட்ரான் வோல்ட்டிலும், சரிபாதிப் புள்ளி 4.5 எலக்ட்ரான் வோல்ட்டிலும் இருக்கும். உச்சியின் பாதி உயரத்தில் பரவலின் அகலம் சுமார் 5 எலக்ட்ரான் வோல்ட்.

இப்போது தடத்தின் மின்னழுத்தம் சுழியிலிருந்து 5 வோல்ட்டாக உயர்கிறது என்று கொள்வோம். எலக்ட்ரான்கள் தடத்தை விட்டுக் கிளம்பும்போது அவற்றின் ஆற்றல் பரவல் மாறுவதில்லை. ஆனால் அவை நேர்மின் தடத்தை விட்டு விலகிப் புவி மின்னழுத்தத்துக்கு வரும்போது, ஒவ்வொன்றும் 5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை இழந்திருக்கும். அதாவது, புவியிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு முழுப் பரவலும் அப்படியே 5 எலக்ட்ரான் வோல்ட் கீழே நகர்ந்திருக்கும். இந்த நகர்வை அளந்தால் தடத்தின் மின்னழுத்தம் கிடைத்துவிடும். நிறமாலைமானியின் அடிப்படைக் கருத்து இவ்வளவே.

சாதாரண உணர்கருவி ஏன் போதாது

மின்னழுத்த வேறுபாட்டுக் காட்சியில் பொலிவு மாறுவதை வைத்தே மின்னழுத்தத்தைச் சொல்லிவிடலாமே என்ற கேள்வி எழலாம். அது இயலாது. பொலிவு மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் மாறுவதில்லை. மேலும் தடத்தின் பொருள், அதன் மேற்பரப்புச் சொரசொரப்பு, உணர்கருவி இருக்கும் திசை, அருகிலுள்ள தடங்களின் மின்னழுத்தம் ஆகிய அனைத்தும் பொலிவைப் பாதிக்கின்றன. எந்தத் தடம் உயர்நிலையில் உள்ளது, எது தாழ்நிலையில் உள்ளது என்று பார்க்க அது உதவும். 4.2 வோல்ட்டா 4.6 வோல்ட்டா என்று சொல்ல உதவாது.

தடுப்புப் புல நிறமாலைமானி

மிகப் பரவலாகப் பயன்பட்ட வகை இது. இதன் முதன்மை உறுப்புகள் மூன்று.

முதலாவது இழுப்பு வலை. சில்லுக்கு மேலே சிறிது தொலைவில் இருக்கும் இந்த மெல்லிய கம்பிவலைக்கு உயர்ந்த நேர் மின்னழுத்தம் கொடுக்கப்படும். மேற்பரப்பிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் எத்திசையில் புறப்பட்டாலும் இது அவற்றை மேல்நோக்கி இழுத்துக்கொள்கிறது.

இரண்டாவது தடுப்பு வலை. இது புவி மின்னழுத்தத்தை ஒட்டிய, மாற்றத்தக்க ஒரு மின்னழுத்தத்தில் இருக்கும். முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் இதை நெருங்கும்போது மீண்டும் வேகம் குறைகின்றன. போதிய ஆற்றல் உள்ளவை மட்டும் கடந்து செல்கின்றன. மற்றவை திருப்பி அனுப்பப்படுகின்றன.

மூன்றாவது உணர்பகுதி. வலையைக் கடந்த எலக்ட்ரான்கள் பக்கவாட்டு மின்புலத்தால் திருப்பப்பட்டு, உயர் மின்னழுத்தத்தில் உள்ள மினுமினுப்பானில் மோதுகின்றன. அங்கு எழும் ஒளி, ஒளிபெருக்கிக் குழாயின் வழியே மின்சமிக்ஞையாக மாறுகிறது.

தடுப்பு வலையின் மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றி, கடந்து வரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை வரைந்தால் சாய்ந்த படிக்கட்டு போன்ற வளைவு ஒன்று கிடைக்கும். மேலே சொன்ன கோவைப்படி, தடத்தைவிட 1.5 வோல்ட் தாழ்வாக வலை இருக்கும்போது 84 விழுக்காடு எலக்ட்ரான்கள் கடக்கும். 4.5 வோல்ட் தாழ்வாக இருந்தால் 50 விழுக்காடும், 9 வோல்ட் தாழ்வாக இருந்தால் 26 விழுக்காடும் கடக்கும். தடத்தின் மின்னழுத்தம் மாறும்போது இந்த வளைவின் வடிவம் மாறாமல் பக்கவாட்டில் மட்டும் நகர்கிறது.

நகர்வை அளக்கப் பின்னூட்டச் சுற்று பயன்படுகிறது. கடந்து வரும் மின்னோட்டம் எப்போதும் ஒரு குறித்த மதிப்பில், எடுத்துக்காட்டாக 50 விழுக்காட்டில், இருக்குமாறு சுற்று தடுப்பு வலையின் மின்னழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். தடம் சுழி வோல்ட்டில் இருந்தபோது வலை எதிர் 4.5 வோல்ட்டில் நின்றது என்றால், தடம் 5 வோல்ட்டுக்கு உயரும்போது வலை நேர் 0.5 வோல்ட்டுக்கு வந்து நிற்கும். வலை நகர்ந்த 5 வோல்ட்டே தடம் மாறிய அளவு. வளைவு வளைந்திருந்தாலும் விடை நேர்விகிதத்தில் கிடைப்பது இம்முறையின் சிறப்பு.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வாறு கிடைப்பது மின்னழுத்தத்தின் மாற்றமே. அலுமினியத் தடத்தையும் வேறு உலோகத் தடத்தையும் ஒப்பிடும்போது அவற்றின் வெளியேற்று ஆற்றல் வேறுபாடும், மேற்பரப்பில் படியும் கரிமப் படலமும் அளவீட்டில் கலந்துவிடும். எனவே ஒரே தடத்தில், ஒரே புள்ளியில், தெரிந்த மின்னழுத்தம் ஒன்றைக் கொடுத்து முதலில் அளவுதிருத்தம் செய்துகொள்வது வழக்கம்.

தட்டை வலையா, அரைக்கோள வலையா

தட்டையான தடுப்பு வலை எலக்ட்ரானின் முழு ஆற்றலைப் பார்ப்பதில்லை. வலைக்குச் செங்குத்தான திசையில் உள்ள இயக்கத்தின் ஆற்றலை மட்டுமே பார்க்கிறது. 8 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன், செங்குத்துக்கு 60 பாகை சாய்வாகப் புறப்படும் எலக்ட்ரானுக்குச் செங்குத்து ஆற்றல் 2 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. இரண்டாம்நிலை எலக்ட்ரான்கள் எல்லாத் திசைகளிலும் புறப்படுவதால், தட்டை வலையால் கிடைப்பது உண்மையான ஆற்றல் பரவல் அன்று. சராசரியாக ஆற்றலில் பாதிதான் செங்குத்துத் திசையில் உள்ளது.

இழுப்புப் புலம் இதைச் சரிசெய்துவிடாதா? 1000 வோல்ட் இழுப்புக்குப் பின் எலக்ட்ரான்களின் பாதைகள் ஏறக்குறைய இணையாகத் தோன்றும். 4 எலக்ட்ரான் வோல்ட்டில் முற்றிலும் பக்கவாட்டாகப் புறப்பட்ட எலக்ட்ரான்கூட அப்போது செங்குத்திலிருந்து 4 பாகைக்குள்தான் சாய்ந்திருக்கும். ஆனால் அதன் பக்கவாட்டு ஆற்றல் அப்படியேதான் இருக்கிறது. தட்டை வலையின் முன் மீண்டும் வேகம் குறையும்போது பழைய சாய்வு திரும்பி வந்துவிடும்.

இதற்குத் தீர்வு அரைக்கோள வலை. இழுக்கப்பட்ட எலக்ட்ரான்களை ஒரு நிலைமின் வில்லையால் ஒரு புள்ளியில் குவித்து, அப்புள்ளியை மையமாகக் கொண்ட அரைக்கோளத் தடுப்பு வலையை அமைத்தால், ஒவ்வோர் எலக்ட்ரானும் வலையை அதற்குச் செங்குத்தாகவே சந்திக்கும். அப்போது அதன் முழு ஆற்றலும் சோதிக்கப்படும். ஆனால் குவிப்பு துல்லியமாக இருக்க வேண்டும், அரைக்கோள வலையைச் செய்வதும் கடினம். கருவியின் உயரமும் கூடுகிறது.

வலையின் கண்களும் ஒரு பிழைக்குக் காரணமாகின்றன. கம்பியின் மீது இருக்கும் மின்னழுத்தமும், இரு கம்பிகளுக்கு நடுவே உள்ள துளையின் மையத்தில் இருக்கும் மின்னழுத்தமும் ஒன்றல்ல. மலைத்தொடரில் கணவாய் தாழ்ந்திருப்பது போலத் துளையின் நடுவே தடுப்பு சற்றுத் தளர்ந்திருக்கும். கண்கள் பெரிதானால் ஆற்றலைப் பிரிக்கும் திறன் குறையும், சிறிதானால் கம்பிகளில் மோதி இழக்கப்படும் எலக்ட்ரான்கள் கூடும். வலையைத் தாக்கும் பின்சிதறல் எலக்ட்ரான்கள் அங்கிருந்து புதிய இரண்டாம்நிலை எலக்ட்ரான்களைக் கிளப்பிப் பின்னணியையும் உயர்த்தும்.

பிற வகைகள்

எலக்ட்ரான்களைத் தடுப்பதற்குப் பதிலாக, வளைந்த மின்முனைகளுக்கு இடையேயோ காந்தப்புலத்திலோ செலுத்தி, ஆற்றலுக்கு ஏற்ப வெவ்வேறு இடங்களில் விழச் செய்யலாம். இவை விலக்கப் பகுப்பாய்விகள். தடுப்பு வலை ஓர் எல்லைக்கு மேற்பட்ட அனைத்தையும் அனுமதிக்கிறது. விலக்கப் பகுப்பாய்வி ஒரு குறுகிய சாளரத்தின் வழியே வருவதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதனால் பின்னணி குறையும். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு சாளரத்தை மட்டும் எண்ணினால் பெரும்பாலான எலக்ட்ரான்கள் வீணாகும். பல உணர்கருவிகளை வரிசையாக வைத்து எல்லா ஆற்றல்களையும் ஒருசேரப் பதிவுசெய்தால் இக்குறை நீங்கும்.

மற்றொரு வழி காந்தப்புலத்தின் உதவியை நாடுவது. வலிமையான காந்தப்புலத்தில் பிறக்கும் எலக்ட்ரான், புலக்கோடுகளைச் சுற்றித் திருகுசுருளாக மேலே செல்கிறது. புலம் மெதுவாகக் குறைந்துகொண்டே போனால் அதன் பக்கவாட்டு ஆற்றல் புல வலிமைக்கு நேர்விகிதத்தில் குறைந்து, முன்னோக்கிய ஆற்றலாக மாறுகிறது. புலம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், அரைவெளி முழுவதும் சிதறிய எலக்ட்ரான்கள் சுமார் 2 பாகைக் கூம்புக்குள் அடங்கிவிடும். க்ரௌட், ரீட் ஆகியோர் 1983-இல் விவரித்த காந்த இணையாக்கியின் அடிப்படை இது. நுண்ணோக்கியின் பொருளருகு வில்லை காந்த வில்லையாக இருப்பதால், மாதிரியை அதன் புலத்திலேயே மூழ்கவைத்து, எலக்ட்ரான்களை வில்லையின் துளை வழியே மேலே எடுத்துச் சென்று, அங்கு தட்டை வலையாலேயே நல்ல அளவீட்டைப் பெறலாம் என்ற எண்ணத்துக்கு இது வழிவகுத்தது.

இந்த எண்ணம் வேறொரு சிக்கலையும் தீர்க்கிறது. வில்லைக்கும் சில்லுக்கும் இடையே நிறமாலைமானியை வைத்தால், அதன் உயரத்துக்கு ஏற்பச் சில்லு கீழே தள்ளப்படுகிறது. தொலைவு கூடினால் வில்லையின் பிறழ்ச்சிகள் கூடி, கற்றை தடித்துவிடும். நுண்மையாக அளக்க வேண்டிய கருவியே நுண்மையைக் கெடுக்கிறது. வில்லையின் உள்ளேயோ மேலேயோ நிறமாலைமானியை அமைத்தால் சில்லு வில்லைக்கு மிக அருகில் இருக்கலாம்.

அண்டைத் தடங்களின் குறுக்கீடு

அளவீட்டின் நம்பகத்தன்மைக்குப் பெரும் சவாலாக இருப்பது அளக்கப்படும் தடத்தின் அண்டையில் உள்ளவை. 1 மைக்ரோமீட்டர் அகலமுள்ள தடங்கள் நெருக்கமாக அடுத்தடுத்து, ஒன்றுவிட்டொன்று 5 வோல்ட்டிலும் சுழி வோல்ட்டிலும் இருப்பதாகக் கொள்வோம். 5 வோல்ட் தடத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரானுக்குச் சற்று மேலே காத்திருப்பது, இரு மின்னழுத்தங்களின் சராசரியான 2.5 வோல்ட். அதாவது 2.5 எலக்ட்ரான் வோல்ட் உயரமுள்ள ஓர் அரண். இழுப்புப் புலம் இல்லாவிட்டால் அதற்குக் குறைந்த ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் சில்லுக்கே திரும்பிவிடும்.

மில்லிமீட்டருக்கு 1 கிலோவோல்ட் இழுப்புப் புலம் கொடுத்துக் கணக்கிட்டால், தடத்துக்கு மேலே சுமார் 0.7 மைக்ரோமீட்டரில் அரணின் உச்சி அமைகிறது, உயரம் சுமார் 1.5 எலக்ட்ரான் வோல்ட்டாகக் குறைகிறது. புலத்தை 3 கிலோவோல்ட்டாக உயர்த்தினால் அரண் சுமார் 0.4 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு வந்துவிடும். ஆனால் புலத்தை விரும்பியபடி உயர்த்த முடியாது. வலைக்கும் சில்லுக்கும் இடையே மின்னிறக்கம் ஏற்பட்டால் சில்லே அழிந்துவிடும். மேலும் தடங்கள் மெலிய மெலிய அவற்றுக்கிடையேயான புலம் வலுத்துக்கொண்டே போகும். எனவே அரணை முற்றிலும் அகற்ற இயலாது.

இங்கு வடிவமைப்பாளருக்கு ஒரு நல்ல வழி உள்ளது. அரணால் இழக்கப்படுபவை குறைந்த ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் மட்டுமே. பின்னூட்டச் சுற்று 50 விழுக்காட்டுப் புள்ளியில் இயங்கினால், 4.5 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைந்தவற்றைத் தடுப்பு வலை எப்படியும் திருப்பி அனுப்பிவிடும். 1.5 எலக்ட்ரான் வோல்ட் அரண் வழியிலேயே பிடித்துவைத்தவையும் அவற்றுள் அடங்கியவையே. ஆகவே விடை பெரிதாக மாறாது. மாறாக, வளைவு மிகச் செங்குத்தாக உள்ள 84 விழுக்காட்டுப் புள்ளியில் சுற்றை இயக்கினால், அரண் நேரடியாக அளவீட்டில் தலையிடும்.

இருப்பினும் இரண்டாவது வகைக் குறுக்கீடு ஒன்று எஞ்சுகிறது. அண்டைத் தடங்களின் பக்கவாட்டுப் புலம் எலக்ட்ரான்களின் திசையைத் திருப்பிவிடுகிறது. தட்டை வலை செங்குத்து ஆற்றலை மட்டும் பார்ப்பதால், திசை மாறியதை ஆற்றல் மாறியதாகவே அது தவறாகப் புரிந்துகொள்ளும். எல்லாத் திசைகளிலும் வரும் எலக்ட்ரான்களையும் ஏற்று, முழு ஆற்றலையும் அளக்கும் அரைக்கோள, காந்த வகைகள் இப்பிழையைக் குறைக்கின்றன.

எத்தனை எலக்ட்ரான்கள் தேவை

எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக, தற்செயலான இடைவெளிகளில் வருகின்றன. சராசரியாக 10,000 எலக்ட்ரான்கள் வர வேண்டிய நேரத்தில், ஒருமுறை 9,900-உம் மறுமுறை 10,100-உம் வரலாம். இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவு இருக்கும். அளக்கக்கூடிய மிகச் சிறிய மின்னழுத்த மாற்றத்தை இதுவே தீர்மானிக்கிறது.

வெளியேற்று ஆற்றல் 4.5 எலக்ட்ரான் வோல்ட் எனக் கொண்டு, ஓர் இலட்சியக் கருவிக்குக் கணக்கிடலாம். 84 விழுக்காட்டுப் புள்ளியில், 6.5 வோல்ட்டை வெளிவந்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பதே பிழை. 50 விழுக்காட்டுப் புள்ளியில் 6.5-க்குப் பதில் 8.5. ஆகவே 10 மில்லிவோல்ட் நுண்மைக்கு முதல் புள்ளியில் சுமார் 4.2 லட்சம் எலக்ட்ரான்களும், இரண்டாவது புள்ளியில் சுமார் 7.2 லட்சம் எலக்ட்ரான்களும் வேண்டும். அண்டைத் தடங்களின் குறுக்கீட்டிலிருந்து தப்பிக்க வடிவமைப்பாளர் கொடுக்கும் விலை, ஏறத்தாழ 1.7 மடங்கு கூடுதல் அளவீட்டு நேரம். நுண்மையை 1 மில்லிவோல்ட்டாக உயர்த்த வேண்டுமானால் நேரம் 100 மடங்காகும்.

வேகமாக மாறும் மின்னழுத்தம்

சில்லில் மின்னழுத்தம் நானோநொடிகளில் மாறுகிறது. ஒளிபெருக்கியும் பின்னூட்டச் சுற்றும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. சுழலும் விசிறியைத் துடிப்பு விளக்கொளியில் நின்றது போலக் காண்பதைப் போன்ற உத்தி இங்கு கையாளப்படுகிறது. சில்லு ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யுமாறு இயக்கப்படும். ஒவ்வொரு சுழற்சியிலும் குறித்த ஒரு கணத்தில் மட்டும் எலக்ட்ரான் கற்றை மிகக் குறுகிய துடிப்பாகச் சில்லைத் தாக்கும். அந்தக் கணத்தை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே போனால் முழு அலைவடிவமும் புள்ளி புள்ளியாக வரையப்படும்.

1 நானோஆம்பியர் கற்றையை 1 நானோநொடித் துடிப்பாக வெட்டினால், ஒரு துடிப்பில் சராசரியாக 6 எலக்ட்ரான்களே இருக்கும். ஒவ்வொன்றும் ஓர் இரண்டாம்நிலை எலக்ட்ரானைக் கிளப்புவதாகக் கொண்டால், 7.2 லட்சம் எலக்ட்ரான்களைப் பெற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள் வேண்டும். சில்லு நொடிக்கு 1 கோடி முறை அந்தச் செயலைத் திரும்பச் செய்தால், அலைவடிவத்தின் ஒரு புள்ளிக்குச் சுமார் 12 மில்லிநொடி ஆகும். நடைமுறைக் கருவிகள் எல்லா எலக்ட்ரான்களையும் சேகரிப்பதில்லை என்பதால் உண்மையான நேரம் இதைவிட அதிகம். நிறமாலைமானி தவறவிடும் ஒவ்வோர் எலக்ட்ரானும் பொறியாளரின் காத்திருப்பு நேரத்தைக் கூட்டுகிறது.

எலக்ட்ரான்கள் பறக்கும் நேரத்தையும் கருத வேண்டும். 1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் 1 மில்லிமீட்டரைக் கடக்கச் சுமார் 1.7 நானோநொடி ஆகும். அதற்குள் சில்லின் மின்னழுத்தம் மாறிவிட்டால் அளவீடு குழம்பும். மில்லிமீட்டருக்கு 1 கிலோவோல்ட் இழுப்புப் புலத்தில் அதே தொலைவுக்குச் சுமார் 0.1 நானோநொடி போதும்.

முதன்மைக் கற்றையின் ஆற்றல்

இச்சோதனைகளில் முதன்மைக் கற்றையின் ஆற்றல் பெரும்பாலும் 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவிலேயே வைக்கப்படுகிறது. உயர் ஆற்றல் எலக்ட்ரான்கள் ஆழமாக ஊடுருவி, டிரான்சிஸ்டர்களின் மெல்லிய ஆக்சைடு படலத்தில் மின்னூட்டத்தைச் சிக்கவைத்து, அவற்றின் இயல்பையே மாற்றிவிடும். குறைந்த ஆற்றலில் இந்தச் சேதம் தவிர்க்கப்படுகிறது. மேலும், உள்ளே வரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் வெளியேறும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய சமமாக இருப்பதால் காப்புப் பொருள்களில் மின்னூட்டம் தேங்குவதும் குறையும். ஆனால் குறைந்த ஆற்றல் கற்றையை நுண்மையாகக் குவிப்பது கடினம். இழுப்பு வலைகளின் புலம் அதைத் திசைதிருப்பவும் எளிது. எனவே நிறமாலைமானி முதன்மைக் கற்றையைக் கெடுக்காமல் இருக்க, அதன் புலங்கள் அச்சைச் சுற்றிச் சமச்சீராக அமைய வேண்டும்.

கணினிவழி வடிவமைப்பு

இத்தனை நிபந்தனைகளையும் செய்துபார்த்தே சரிசெய்வது செலவுமிக்க வேலை. ஆகவே வடிவமைப்பு கணினியிலேயே தொடங்குகிறது. முதலில் மின்முனைகளின் வடிவத்தைக் கொடுத்து, இடைவெளியெங்கும் மின்னழுத்தத்தை வரம்புறு கூறு முறையாலோ வரம்புறு வேறுபாட்டு முறையாலோ கணக்கிடுவர். அடுத்து, ஆற்றலும் திசையும் இயற்கையான பரவலைப் பின்பற்றுமாறு ஆயிரக்கணக்கான எலக்ட்ரான்களைத் தடத்திலிருந்து கிளப்பி, ஒவ்வொன்றின் பாதையையும் பின்தொடர்வர். எத்தனை வலையைக் கடந்தன என்று எண்ணினால் வளைவு கிடைத்துவிடும்.

இக்கணக்கில் அளவுகளின் வேறுபாடு பெரிய தொல்லை. நிறமாலைமானியின் உயரம் சில சென்டிமீட்டர். எலக்ட்ரானின் விதியைத் தீர்மானிக்கும் அரணோ மேற்பரப்பிலிருந்து ஒரு மைக்ரோமீட்டருக்குள் உள்ளது. இரண்டையும் ஒரே கட்டத்தில் பிரித்துக் கணக்கிட முடியாது. எனவே சில்லுக்கு அருகிலுள்ள பகுதியைத் தனியாக நுண்கட்டங்களில் கணக்கிட்டு, அதன் முடிவை வெளிப்பகுதிக் கணக்குக்குத் தொடக்கமாகக் கொடுப்பர்.

ஒரு வடிவமைப்பு நல்லதா என்று அறிய எளிய சோதனை உண்டு. அளக்கப்படும் தடத்தின் மின்னழுத்தத்தை மாற்றாமல், அண்டைத் தடத்தை மட்டும் சுழியிலிருந்து 5 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். கருவி காட்டும் எண் எவ்வளவு அசைகிறதோ, அதுவே அக்கருவியின் பிழை.

இன்றைய நிலை

1990-களில் சில்லுகளின் போக்கு மாறியது. உலோக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகியதால் கீழடுக்குத் தடங்கள் மறைந்தன. சில்லைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பலகையில் பொருத்தும் முறை வந்தபின் மேற்புறம் முழுவதுமே எட்டாததாகிவிட்டது. இயங்கு மின்னழுத்தம் 5 வோல்ட்டிலிருந்து 1 வோல்ட்டை நெருங்கியது. எனவே சிலிக்கானின் பின்புறத்திலிருந்து அகச்சிவப்பு லேசரைச் செலுத்தி அளக்கும் முறைகள் முன்னுக்கு வந்தன.

ஆயினும் இத்துறையில் திரண்ட அறிவு வீணாகவில்லை. சில்லு உற்பத்தியில் துண்டிக்கப்பட்ட இணைப்புகளைக் கண்டறிய மின்னழுத்த வேறுபாட்டுக் காட்சி இன்றும் பயன்படுகிறது. குறைக்கடத்தியில் மாசு அணுக்கள் கலந்துள்ள பகுதிகளை வேறுபடுத்திக் காண, இரண்டாம்நிலை எலக்ட்ரான்களை ஆற்றல்வாரியாக வடிகட்டும் முறை உதவுகிறது. வில்லையின் உள்ளே உணர்கருவியை வைக்கும் அமைப்பு இன்றைய உயர்நுண்மை நுண்ணோக்கிகளில் இயல்பானதாகிவிட்டது.

எலக்ட்ரான் நிறமாலைமானியின் வடிவமைப்பைக் கற்கும் மாணவர் இதில் ஒன்றைக் கவனிக்கலாம். இழுப்புப் புலம், வலையின் வடிவம், இயங்கு புள்ளி, கற்றையின் ஆற்றல், வில்லையின் தொலைவு ஆகிய ஒவ்வொன்றும் மற்றவற்றைப் பாதிக்கின்றன. ஒன்றை மட்டும் சிறப்பாக்கினால் மற்றொன்று கெடும். எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுக்க முடியாது என்பதை அளக்கப்போகும் சில்லே முடிவு செய்கிறது.